எரிசக்திச் சிக்கன வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

கேள்வி | எழுதியவர்: புதுமனை

அன்பர்களுக்கு வணக்கம்.

எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வகையிலும் சுற்றுச்சூழலுக்கு இசைவாகவும் கட்டப்பட்ட சில வீடுகளை, எங்கள் நகரில் அவற்றின் உரிமையாளர்களே ஒரு நாள் முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிட இருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் சுற்றிக் காட்டி, கேள்விகளுக்கும் பதில் சொல்வார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். பட்டியலில் இருப்பவற்றுள் ஒன்று அண்மையில் கட்டிய தனி வீடு, ஒன்று பழைய வீட்டைச் சீரமைத்தது, ஒன்று அழுத்திய மண்கற்களால் கட்டியது, இன்னொன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள வீடு.

நானும் என் மனைவியும் விரைவில் வீடு கட்டத் தொடங்கவிருக்கிறோம். இத்தகைய வீடுகளைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, தெளிவைவிடக் குழப்பமே மிஞ்சியிருக்கிறது. எதைத் திறந்தாலும் கூரையில் சோலார் தகடுகள், சுவரில் தொங்கும் செடிகள், கைபேசியால் இயக்கும் விளக்குகள் என்றே காட்டுகிறார்கள். இவற்றுள் எது மின்சாரத்தையும் நீரையும் மெய்யாகவே மிச்சப்படுத்துகிறது, எது கண்ணுக்கு அழகு மட்டுமே என்று பிரித்தறியும் பயிற்சி எங்களுக்கு இல்லை.

ஆகவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். அரை மணி நேரமே கிடைக்கும் நிலையில் ஒரு வீட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மின்கட்டணம், கட்டுமானச் செலவு போன்றவற்றை உரிமையாளரிடம் கேட்பது நாகரிகக் குறைவாகக் கருதப்படுமா? நாளின் எந்த நேரத்தில் போவது நல்லது? நான்கு வீடுகளையும் பார்ப்பதா, ஒன்றிரண்டை மட்டும் நிதானமாகப் பார்ப்பதா?

மறுமொழி 1 | எழுதியவர்: மீட்டர்வாசிப்பு

வணக்கம். கட்டடங்களின் எரிசக்தித் தணிக்கை என் தொழில் என்பதால் என் விடையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். அதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது பன்னிரண்டு மாத மீட்டர் அளவு. கட்டணத் தொகையை விட்டுவிட்டு யூனிட்டைக் கேளுங்கள். தொகை இடத்துக்கு இடம் மாறும், அதில் மானியமும் நிலைக்கட்டணமும் கலந்திருக்கும். யூனிட்டில் அந்தக் கலப்பு இல்லை. ஒரு மாதத்து ரசீதை மட்டும் காட்டினால் அதிலிருந்து எதுவும் விளங்காது, ஏனெனில் குளிரூட்டலோ வெப்பமூட்டலோ தேவைப்படாத இதமான மாதத்தில் எல்லா வீடுகளும் சிக்கனமான வீடுகள்தாம். சமையலுக்கும் சுடுநீருக்கும் எரிவாயுவோ விறகோ பயன்படுத்தினால் அந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கூரையில் சோலார் உள்ள வீடுகளில், எங்களுக்கு மின்கட்டணமே வருவதில்லை என்று சொல்லக் கேட்பீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வீடு எவ்வளவு மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. தகடுகள் தந்தது எவ்வளவு, பொது மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது எவ்வளவு, கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பியது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் கிடைப்பதே வீட்டின் உண்மையான நுகர்வு. ஒரு வீட்டின் தகடுகள் ஆண்டுக்கு 6,000 யூனிட் தந்து, வீடு 3,000 யூனிட்டை வெளியிலிருந்து எடுத்து, 3,000 யூனிட்டைத் திருப்பி அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். ரசீதில் சுழியம் வரலாம். நுகர்வோ 6,000 யூனிட். பக்கத்துத் தெருவில் தகடே இல்லாமல் 2,000 யூனிட்டில் வாழும் குடும்பத்தின் வீட்டை எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள் என்பது என் நெடுநாளைய வருத்தம்.

நுகர்வைத் தளப்பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று கிடைக்கும். வீட்டில் வாழ்வோரின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இத்தனை என்று கிடைக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். இருவர் மட்டும் வாழும் மிகப் பெரிய வீடு முதல் கணக்கில் சிறப்பாகத் தேறி, இரண்டாவது கணக்கில் தோற்றுப்போவது அடிக்கடி நிகழ்வது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், குளிர்நாடுகளில் பரவலாகப் பின்பற்றப்படும் பாசிவ் ஹவுஸ் தரநிலையைச் சொல்லலாம். அதன்படி, வெப்பமூட்டும் தேவை சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டைத் தாண்டக் கூடாது. விளக்கு, சமையல், சுடுநீர் ஆகியவை இந்த அளவில் சேரா. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரைச் சேர்ந்த கிரானிக்ஸ்டைன் பகுதியில், இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய வரிசை வீடுகளில்தான் இது முதலில் நடைமுறைக்கு வந்தது. அந்த வீடுகளின் திறமெல்லாம் தடிமனான வெப்பக்காப்பிலும், மூன்றடுக்குக் கண்ணாடியிலும், காற்றுக் கசியாத மூட்டுகளிலும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் காற்றோட்ட அமைப்பிலும் இருந்தது. பார்வையாளர் ஒருவர் அதன் வரவேற்பறையில் நின்றிருந்தால் இவற்றுள் பெரும்பாலானவை அவர் கண்ணில் பட்டே இருக்காது.

ஆகையால், வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே ஒரு முறை சுற்றி வாருங்கள். சன்னல்கள் எந்தத் திசையை நோக்கியுள்ளன, அவற்றுக்கு மேல் நிழல் தரும் நீட்சி எவ்வளவு தூரம் வருகிறது, மறைப்புகள் கண்ணாடிக்கு வெளியே உள்ளனவா உள்ளே உள்ளனவா என்று பாருங்கள். உள்ளே தொங்கும் திரை வெயிலின் கூச்சத்தைத்தான் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே உள்ள மறைப்பு அதைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்திவிடுகிறது.

உள்ளே போனதும், வெப்பமான நாளாக இருந்தால், மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு அதே அறையில் வெளிப்புறத்தைத் தொடாத இன்னொரு சுவரில் வையுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் அந்தச் சுவரைக் கட்டியவர் தம் வேலையைச் செய்திருக்கிறார். மேல்தளத்துக் கூரைக்கும் இதே சோதனை பொருந்தும். தொடாமலே வெப்பத்தை அளக்கும் சிறிய கருவி கையில் இருந்தால் எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம்; ஆனால் கண்ணாடியிலும் பளபளப்பான உலோகத்திலும் அது தவறான எண்ணைக் காட்டும். காற்று வீசும் நாளாயின், மெல்லிய தாள்கீற்று ஒன்றைச் சன்னல் சட்டத்தின் மூட்டை ஒட்டிப் பிடித்தால் கசிவு இருக்குமிடத்தில் அது அசைந்து காட்டிவிடும்.

காற்றுக் கசிவை முறையாக அளந்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். வாசற்கதவின் இடத்தில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று பார்ப்பார்கள். பாசிவ் ஹவுஸ் தரநிலை 0.6 முறைக்கு மேல் அனுமதிப்பதில்லை. இவ்வளவு இறுக்கமாக மூடிய வீட்டில் காற்றோட்டத்துக்கு இயந்திர ஏற்பாடு இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அத்தகைய ஏற்பாடு இருந்தால் அதன் வடிகட்டியைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். சாம்பல் நிறத் தூசி பஞ்சுபோல் அடைத்துக்கொண்டிருக்கும் வடிகட்டி, விற்பனைக் கையேட்டில் உள்ள எந்தப் படத்தையும்விட அந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்லும்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 60 வாட் குண்டுபல்பின் வேலையை 9 வாட் எல்இடி செய்துவிடுகிறது. அது இப்போது எல்லா வீடுகளிலும் வந்துவிட்டது. கைபேசியால் இயக்கும் விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: அது அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காகக் காத்துக்கொண்டு சிறிதளவு மின்சாரத்தை எடுத்தபடியே இருக்கும். இப்படி ஓயாமல் 5 வாட் எடுக்கும் எந்தக் கருவியும் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட்டைச் சாப்பிட்டுவிடும்.

வெப்பமான பருவத்தில் பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணிக்குள்ளும், குளிர்ப்பருவத்தில் விடியலை ஒட்டியும் போவது நல்லது. வீட்டுக்கு அப்போதுதான் சோதனை.

மறுமொழி 2 | எழுதியவர்: திறந்தகதவு

இப்படிப்பட்ட நாள்களில் எங்கள் வீட்டையும் திறந்துவிடுவதுண்டு என்பதால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதுகிறேன்.

மீட்டர் அளவைக் கேட்பதில் நாகரிகக் குறைவு ஏதுமில்லை. அந்நியர்களுக்கு வீட்டைத் திறந்துவிடச் சம்மதித்தவர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருப்பார். கட்டுமானச் செலவைக் கேட்கும்போது மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். வீட்டின் மொத்தச் செலவு என்ன என்று பலர் நடுவில் கேட்டால் எங்களுக்குச் சங்கடம். அது தெரிந்தும் உங்களுக்குப் பயனில்லை, ஏனெனில் அதில் நிலத்தின் அமைப்பும் எங்கள் விருப்பங்களும் கலந்திருக்கின்றன. சாதாரணக் கூரையைவிட இந்தக் கூரைக்கு எவ்வளவு கூடுதலாயிற்று என்று குறிப்பாகக் கேட்டால், பெரும்பாலானோர் தயங்காமல் சொல்வார்கள்.

வருபவர்கள் ஏறத்தாழ எல்லாரும் சோலார் தகடுகளின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் காட்ட விரும்புவதோ வீட்டின் பின்புறம் மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தை. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போகப் பத்தில் எட்டுப் பங்கேனும் கைக்கு வரும். ஆனால் மழை தொடங்கியதும் வரும் முதல் நீரைத் தனியே பிரித்து வெளியேற்றும் குழாய் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதன் அடிமூடியைத் திறந்தால் மக்கிய இலை, பறவை எச்சம், கூரைப் புழுதி எல்லாம் சேர்ந்து தேயிலைக் கசடுபோல் கறுப்பாக ஒழுகும். தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பதைவிட, அந்த மூடியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்பதே மேல். குளியலறை நீரைத் தோட்டத்துக்குத் திருப்பியிருந்தால் எந்தச் சோப்பைப் பயன்படுத்துகிறார்கள், வடிகட்டியை யார் சுத்தம் செய்கிறார்கள், நாற்றம் வந்ததுண்டா என்று கேளுங்கள்.

பராமரிப்பைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தகடுகளைத் துடைப்பவர் யார், இன்வெர்ட்டரை மாற்றியதுண்டா என்றும் கேளுங்கள். தகடுகளுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைப்பது அரிது, பத்து பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். தகடு சூடேறினால் உற்பத்தி குறையும் என்பதையும் பலர் அறிவதில்லை. 25 டிகிரிக்கு மேல் தகட்டின் வெப்பம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறைகிறது. ஆகவே கூரையோடு ஒட்டிப் பொருத்தியிருக்கிறார்களா, அடியில் காற்று ஓட இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படலாம்.

சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கருவி இருந்தால் அதையும் பாருங்கள். தோற்றம் அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. 100 லிட்டர் நீரின் வெப்பத்தை 35 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் வேண்டும் என்று கணக்கிட்டால், அது நாள்தோறும் செய்துவரும் வேலை விளங்கும்.

மற்றபடி, கேட்காமல் படம் எடுக்காதீர்கள், மூடியிருக்கும் கதவைத் திறக்காதீர்கள், மின்கலப் பெட்டியையும் இன்வெர்ட்டரையும் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றைச் சொல்லவே வேண்டாம் என்று நினைப்பீர்கள். சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுமொழி 3 | எழுதியவர்: பேருந்துப்பயணி

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும் இத்தகைய சுற்றுலாக்களின் மேல் எனக்கு ஓர் ஐயம் உண்டு. வீட்டை மட்டும் காட்டுகிறார்கள். வீடு இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நகரின் விளிம்பில், எதற்கெடுத்தாலும் கார் எடுக்க வேண்டிய தொலைவில், எல்லாச் சான்றிதழ்களும் பெற்ற வீடு ஒன்று இருக்கும். கடைக்கும் பள்ளிக்கும் நடந்தே போகக்கூடிய இடத்தில், இருபுறமும் அடுத்த வீடுகளின் சுவர்கள் தாங்க, சிறிய குடியிருப்பு ஒன்று இருக்கும். இரண்டாவதற்கு வெளிக்காற்றைத் தொடும் சுவர்ப்பரப்பே குறைவு; வெப்பம் புகவும் வெளியேறவும் வழி குறைவு. ஆண்டு முழுவதும் போக்குவரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எது மேல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள அடுக்குமாடி வீட்டைத் தவறவிடாதீர்கள். அங்கே காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லாமல் போகலாம், அதற்காகவே போங்கள்.

தெற்கு லண்டனில் 2002இல் கட்டி முடிக்கப்பட்ட பெட்செட் குடியிருப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கூரையில் காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் வண்ணமயமான காற்றுப்போக்கிகள்தாம் எல்லாப் படங்களிலும் இடம்பெறுகின்றன. மரச்சில்லுகளை எரித்து மின்சாரமும் வெப்பமும் தரும் நிலையம் ஒன்றும் அங்கே இருந்தது. அது எதிர்பார்த்தபடி இயங்காமல் சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் தடித்த வெப்பக்காப்பும், சூரியனை நோக்கிய கண்ணாடி முகப்புகளும், கார்களைப் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடும் அந்த நிலையத்தை நம்பி இருக்கவில்லை. பழுதாகக்கூடியது எது, பழுதாக வழியே இல்லாதது எது என்று ஒவ்வொரு வீட்டிலும் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். 1990இல் பிரிட்டனில் தொடங்கிய பிரீயம் என்ற கட்டடத் தரமதிப்பீடு முதல் இன்று பல நாடுகளில் வழங்கும் தரமதிப்பீடுகள் வரை, பெரும்பாலானவை கட்டடத்தின் வடிவமைப்பையும் அதன் கணிப்பையும் வைத்துத் தரப்படுபவை. குடியேறிய பின் அளந்த நுகர்வு அந்தக் கணிப்பிலிருந்து வெகுவாக விலகியிருப்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால், அது கட்டும் முன் கொடுத்ததா, குடியேறிய பின் கொடுத்ததா என்று கேட்டுவிடுங்கள்.

மீண்டும் கேள்வி | எழுதியவர்: புதுமனை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோலாரிலிருந்து தொடங்க எண்ணியிருந்த எங்கள் பட்டியல் தலைகீழாகிவிட்டது. முதலில் நிழல், சுவர், கூரை, பிறகு காற்றோட்டமும் நீரும், கடைசியில் தகடுகள் என்று மாற்றி எழுதிக்கொண்டோம். மூன்று எண்கள் பற்றிய விளக்கத்தை என் மனைவி தனியாகவே குறித்து வைத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, மண்கல் வீட்டைப் பற்றிய அறிவிப்பில் அது கரிம உமிழ்வு குறைந்த கட்டுமானம் என்று போட்டிருக்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது? கட்டி முடித்த சுவரைப் பார்த்து எதை அறிய முடியும்? இரண்டாவது, எங்கள் மனையின் சாலை மேற்கே இருப்பதால் முகப்பும் மேற்கு நோக்கியே அமையும். திசை சரியில்லாத மனையில் இதையெல்லாம் செய்து பயனுண்டா?

மறுமொழி 4 | எழுதியவர்: சுண்ணக்காரை

கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் இவ்விரண்டுக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

ஒரு வீட்டின் கரிமக் கணக்கில் இரண்டு பகுதிகள் உண்டு: வாழும்போது ஆகும் எரிசக்தி ஒன்று, கட்டும்போதே செலவாகிவிட்ட எரிசக்தி மற்றொன்று. சுற்றிப் பார்க்க வருவோர் முதலாவதைப் பற்றியே கேட்பார்கள். இரண்டாவதில் பெரும்பங்கு சிமென்ட், இரும்பு, சுட்ட செங்கல் ஆகியவற்றுக்கு. உலக அளவில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சூளையை 1,450 டிகிரிக்குச் சூடாக்க எரிக்கும் எரிபொருள் அதற்கு ஒரு காரணம். சுண்ணாம்புக்கல் சிதையும்போது அந்தக் கல்லிலிருந்தே வாயு வெளியேறுவது அதைவிடப் பெரிய காரணம். ஆகையால் எரிபொருளை மாற்றினால் மட்டும் தீராது, சிமென்டையே குறைத்தாக வேண்டும்.

அழுத்திய மண்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. மண்ணுடன் பெரும்பாலும் 5 முதல் 8 விழுக்காடு வரை சிமென்டோ சுண்ணாம்போ கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, ஈரம் காயாமல் பல நாள்கள் பதப்படுத்துவார்கள். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை விழுக்காடு சிமென்ட் கலந்தீர்கள் என்பதே. அந்த அளவு கூடக்கூட மண்கல்லின் நியாயம் தேய்ந்துகொண்டே போகும். அடுத்து, மண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதே மனையில் அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணாக இருந்தால் மிகச் சிறப்பு. தொலைவிலிருந்து லாரியில் ஏற்றிவந்ததாக இருந்தால் கணக்கு மாறிவிடும். பிறகு, சுவர்கள் மண்ணானாலும் தூண்களும் உத்தரங்களும் தளங்களும் எல்லாம் காங்கிரீட்டா, சுவரே பாரத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள். காங்கிரீட் கூட்டுக்குள் மண்கல்லை அடைத்த வீடுகள் நிறைய உண்டு. அவற்றில் மண்கல் ஓரளவுதான் உதவுகிறது.

கட்டி முடித்த சுவரைப் பார்த்து அறியக்கூடியவையும் உண்டு. தரையை ஒட்டிய மூன்று நான்கு வரிசைகளைக் குனிந்து கவனியுங்கள். மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும் உயரம் வரை கல்லின் முனைகள் மழுங்கி, மேற்பரப்பு உதிர்ந்து, உள்ளே இருக்கும் சரளை வெளியே தெரிந்தால், அடிமட்டத்தைப் போதிய அளவு உயர்த்தவில்லை அல்லது கூரையின் நீட்சி போதவில்லை என்று பொருள். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு.

செங்கல்லே பயன்படுத்துவதானாலும் வழியில்லாமல் இல்லை. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற முறையில், செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். அதே தடிமனுள்ள சாதாரணச் சுவரைவிட ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை ஓரளவு தடுக்கவும் செய்யும். இத்தகைய சுவர் உங்கள் பட்டியலில் உள்ள வீடு எதிலாவது பூசாமல் விடப்பட்டிருந்தால் கட்டிய முறையை நேரிலேயே பார்த்துவிடலாம்.

கனமான சுவர் எப்போதும் குளிர்ச்சி தரும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பகலில் வாங்கிய வெப்பத்தைக் கனத்த சுவர் இரவில் வெளியிடும். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு பெரிதாக உள்ள வறண்ட பகுதிகளில், இரவில் சன்னல்களைத் திறந்துவைத்தால் சுவர் குளிர்ந்து மறுநாளைக்கு ஆயத்தமாகிவிடும். இரவிலும் புழுக்கம் தணியாத ஈரப்பதமான பகுதிகளில் அந்தச் சுவரே படுக்கையறையை நள்ளிரவு வரை சூடாக வைத்திருக்கும். அங்கே நிழலும் குறுக்குக் காற்றோட்டமும்தாம் முதன்மை. ஆகவே மண்கல் வீட்டில் பகலில் எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், இரவு பத்து மணிக்கு எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

மேற்கு முகப்பைப் பொறுத்தவரை, அது குறைதான், ஆனால் தீர்க்கக்கூடிய குறை. மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் சன்னலுக்கு மேலே நீட்டும் சாதாரண சன்ஷேட் அதைத் தடுக்காது. செங்குத்தான மறைப்புப் பட்டைகள், வெளிப்புறத் தட்டி, ஆழமான தாழ்வாரம், இலையடர்ந்த மரம் ஆகியவையே தடுக்கும். படிக்கட்டு, கழிவறை, பொருள் வைக்கும் அறை போன்றவற்றை மேற்கே தள்ளிவிட்டுப் படுக்கையறைகளை உள்ளே இழுத்தால், வெயிலை அந்த அறைகள் முதலில் வாங்கிக்கொள்ளும். வாசல் மேற்கே இருப்பதால் பெரிய சன்னல்களும் மேற்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தட்டையான கூரையானால் தகடுகளைச் சட்டத்தின் மேல் எந்தத் திசைக்கும் திருப்பிக்கொள்ளலாம். முகப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கூரைக்கு வெள்ளை நிறப் பிரதிபலிப்புப் பூச்சு இட்டிருக்கும் வீடு பட்டியலில் இருந்தால் உச்சிவெயிலில் ஏறிப் பாருங்கள். கருமையான கூரையோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு 25 டிகிரிக்கும் கூடுதலாகவே குளிர்ந்திருக்கக்கூடும், வெறும் பூச்சு மட்டுமே அதற்கான செலவு.

பழைய வீட்டைச் சீரமைத்ததைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதன் அடித்தளமும் சுவர்களும் கட்டப்பட்டபோதே அவற்றுக்கான உமிழ்வு நிகழ்ந்து முடிந்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் அது மீண்டும் ஒரு முறை நிகழ்ந்திருக்கும். உங்கள் மனையில் பழைய கட்டடம் ஏதும் நிற்கிறது என்றால் வரைபடக்காரரிடம் போவதற்கு முன் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுமொழி 5 | எழுதியவர்: மீட்டர்வாசிப்பு

எத்தனை வீடுகள் என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. ஒரே நாளில் நான்கையும் பார்த்தால் மாலைக்குள் எந்தச் சுவர் எந்த வீட்டினது என்பதே மறந்துவிடும். சீரமைத்த வீட்டையும் அடுக்குமாடி வீட்டையும் முற்பகலில் பார்த்துவிட்டு, மேற்கு வெயிலின் தாக்கம் உங்களுக்கு முக்கியம் என்பதால், மண்கல் வீட்டைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய தனி வீட்டில் ஓராண்டு மீட்டர் கணக்கே இன்னும் சேர்ந்திருக்காது. அதை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம்.

மறுமொழி 6 | எழுதியவர்: திறந்தகதவு

அதோடு ஒன்று செய்யுங்கள். ஒருங்கிணைப்பாளர்களுக்கு இப்போதே எழுதி, ஒவ்வொரு வீட்டின் தளப்பரப்பு, வாழ்வோர் எண்ணிக்கை, பன்னிரண்டு மாத மின் அளவுகள், நீர் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். உரிமையாளர்களும் ஒரே கேள்விக்கு நாள் முழுவதும் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிராது. உங்கள் அரை மணி நேரமும் சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கே மிச்சமாகும். எங்கள் வீட்டு வாசலில் அந்தத் தாளை ஒட்டத் தொடங்கிய பிறகுதான், வருபவர்கள் பின்புறம் வரை வந்து மழைநீர்க் குழாயைப் பார்க்கிறார்கள்.